கொட்டுக்குத் திரும்பிய பிள்ளை
காது கேளாத பிள்ளைகளை வளர்க்கும் அகரம் வட்டாரக் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், மாவட்டச் சுகாதார அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், திண்டுக்கல், அகரம் பேரூராட்சித் தலைவரும் உறுப்பினர்களும்.

அனுப்புநர்: அகரம், தாடிக்கொம்பு, சுற்றியுள்ள ஊர்களின் தாய்மார்கள், தகப்பன்மார்கள், தாத்தா பாட்டிகள்.

எங்களில் ஒருத்தியின் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஐப்பசியில் முத்தாலம்மன் திருவிழா. கொட்டு முழங்கியதும் பாட்டியின் இடுப்பில் இருந்த பிள்ளை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினான். "பாத்தியா, காது நல்லாக் கேக்குது. பேச்சு பையத்தான் வரும். இவங்கப்பனே மூணு வயசுலதான் பேசுனான்" என்றார் பாட்டி. வீடு நிம்மதியானது. வசம்பு உரைத்து நாக்கில் தடவினார்கள். கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள். பிள்ளைக்கு நான்கு வயது முடியும்போதுதான், ஒலிக்குக் கேள்வி நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை தருகின்றன என்று அளக்கும் 'பெரா' பரிசோதனை நடந்தது. இரண்டு காதிலும் மிகக் கடுமையான கேள்விக் குறைவு என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

பாட்டி பொய் சொல்லவில்லை. பிள்ளை திரும்பியது உண்மை. கொட்டுச் சத்தம் காதுக்கு மட்டும் வருவதில்லை. நெஞ்சில் அதிரும், தரையில் அதிரும். கேள்வி பெரும்பாலும் போய்விட்ட காதிலும் அடித்தொண்டைச் சத்தம் போன்ற கனத்த ஒலிகளுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுண்டு. அதைக் கொண்டு கொட்டைக் கேட்கலாம். லாரி ஹாரனைக் கேட்கலாம். 'சோறு', 'வா சாமி', 'தம்பி எங்கே' இதையெல்லாம் கேட்க முடியாது. பேச்சைப் பேச்சாக்கும் 'ஸ', 'ச', 'த', 'க' போன்ற மெல்லிய, கூர்மையான ஒலிகள் அந்தக் காதுக்கு எட்டுவதே இல்லை. எவர்சில்வர் தட்டைப் பின்னால் தட்டிப் பார்க்கும் வீட்டுச் சோதனையும் இப்படித்தான் ஏமாற்றும். தட்டுகிற கையின் நிழலைப் பார்த்தோ, காற்று அசைவை உணர்ந்தோ பிள்ளை திரும்பிவிடும். இந்த ஒரு செய்தியை யாராவது அந்தப் பாட்டிக்கு ஒன்றரை வயதிலேயே உட்கார்ந்து சொல்லியிருந்தால் இரண்டரை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

அந்த இரண்டரை ஆண்டுகளின் மதிப்பை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஏழாம் மாதம் வளைகாப்பு நடக்கும்போதே வயிற்றுப் பிள்ளைக்குச் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும். ஆக, கேட்கும் பிள்ளை பிறக்கும்போதே சில மாதப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறது. கேளாத பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஒலியே வராத மூளைப் பகுதி சும்மா காத்திருப்பதுமில்லை. பார்வை போன்ற வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 150 பிள்ளைகளை வைத்துச் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற பிள்ளைகள், அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள் என்று காட்டியது. உலகெங்கும் மருத்துவர்கள் அதன் பிறகு சொல்லிவரும் கணக்கு எளியது: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும்.

தமிழ்நாட்டில் கருவி இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. காது மெஷின் இலவசமாகக் கிடைக்கிறது. உட்காதில் கருவி பொருத்தும், பல லட்ச ரூபாய் ஆகும் காக்ளியர் அறுவைச் சிகிச்சையை ஆறு வயதுக்குட்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் செய்து தருகிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அந்த அறுவைச் சிகிச்சை நடக்கிறது. மத்திய அரசின் உதவித் திட்டமும் இருக்கிறது. இதற்கெல்லாம் நன்றியோடுதான் எழுதுகிறோம். ஆனால் எங்கள் வீடுகளில் எத்தனை மெஷின்கள் பீரோவுக்குள் கிடக்கின்றன என்று யாரும் வந்து பார்த்ததில்லை. பெட்டியைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பிள்ளைக்கு என்ன செய்யும், என்ன செய்யாது, எத்தனை நாளில் செய்யும், அதற்கு வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவதற்கு ஒரு ஆள் இல்லை, ஒரு நாற்காலி இல்லை, ஒரு மணி நேரம் இல்லை. எங்கள் சாசனம் அந்த ஒரு மணி நேரத்துக்காக.

முதல் கோரிக்கை: பரிசோதனை முடிவு தடுப்பூசி அட்டையில் ஏற வேண்டும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதித்துக் குறை வரக்கூடியவர்களைக் கண்டறிய வேண்டும் என்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் காது கேளாமை இருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியும் திண்டுக்கல்லில் இருக்கிறது. ஆகவே கேட்கிறோம்: மாவட்டத்தில் அரசு, தனியார் எங்கே பிரசவம் நடந்தாலும், தாயும் பிள்ளையும் வீடு திரும்புமுன் குழந்தையின் இரண்டு காதுகளையும் ஓ.ஏ.இ. கருவியால் பரிசோதிக்க வேண்டும். தூங்கும் பிள்ளையின் காதில் சின்ன மூடியை வைத்துச் சில நிமிடத்தில் முடியும் சோதனை அது, வலியில்லை, ஊசியில்லை. விட்டுப்போனால் ஒன்றரை மாதத் தடுப்பூசியன்று செய்ய வேண்டும். தடுப்பூசிக்கு எங்கள் பெண்கள் தவறாமல் வருகிறார்கள்.

முடிவைத் தாய்-சேய் நல அட்டையில் போலியோ சொட்டு மருந்துக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். 'மீண்டும் வரவும்' என்று மட்டும் எழுதி அனுப்பக் கூடாது. எந்தத் தேதி, எந்த அறை, ஏன் வர வேண்டும் என்பதைச் செவிலியர் வாயால் சொல்ல வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவை, பிறந்ததும் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவை, கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ வந்தவை, தாயும் தகப்பனும் நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொண்ட வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் ஏற்கெனவே கேளாதவர் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்குப் 'பெரா' சோதனையும் வேண்டும். முதல் சோதனையில் தேறினாலும் மூன்று வயதுவரை தொடர்ந்து பார்க்க வேண்டும். அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதைச் சொல்லி எங்களைத் திட்டுவதைவிட, அதனால் வரக்கூடிய குறையை முன்கூட்டியே தேடுவது பிள்ளைக்கு உதவும்.

இரண்டாம் கோரிக்கை: ஒரு மணி நேரம், முழு வீட்டுக்கும்

குறை உறுதியான அன்று தாய்க்கு எதுவும் காதில் ஏறாது. அழுதுகொண்டு இருப்பாள். ஆகவே பத்து நாளுக்குள் இன்னொரு நாள் குறித்து, வீட்டையே அழைக்க வேண்டும். தாயை மட்டும் அழைத்துப் பயனில்லை. எங்கள் தாய்மார்களில் பலர் நூற்பாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள். பகலில் பிள்ளை பாட்டியிடம்தான் வளர்கிறது. மெஷினை மாட்டுவதும் கழற்றி வைப்பதும் பாட்டியின் கை. முடிவெடுப்பதோ பல வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ. இவர்கள் எல்லாரும் உட்கார்ந்து கேட்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மெஷின் போட்டு வளர்ந்த ஒரு பிள்ளையும் அதன் தாயும் அந்த அறையில் இருந்தால், எந்த மருத்துவரின் ஒரு மணி நேரப் பேச்சும் அதற்கு ஈடாகாது.

அந்த ஒரு மணி நேரத்தில் கட்டாயம் சொல்ல வேண்டியவற்றை நாங்கள் பட்ட பாட்டிலிருந்து தருகிறோம்.

பிள்ளையின் நாக்கில் கோளாறு இல்லை. கேளாததால்தான் பேசவில்லை. 'ஊமை' என்ற சொல்லை மருத்துவமனையிலும் பள்ளியிலும் முதலில் நீங்கள் விடுங்கள். வீட்டில் நாங்கள் விடுகிறோம்.

மெஷின் போட்டால் இருக்கிற கேள்வியும் போய்விடும் என்பது எங்கள் தெருக்களில் பலமாக நம்பப்படுகிறது. பிள்ளையின் கேள்விக்கு ஏற்ப அளந்து வைத்த மெஷின் கேள்வியைக் கெடுக்காது. ஆனால் அளக்காமல் கொடுத்த மெஷினால் பயனில்லை, தொந்தரவும் உண்டு. அதனால் முகாமில் வரிசையாக ஒரே மாதிரி மெஷின் கொடுப்பதை நிறுத்துங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

மாட்டிய முதல் வாரங்களில் பிள்ளை பிடுங்கிப் போடும். அது 'ஒத்துக்கொள்ளவில்லை' என்பதன் அடையாளம் இல்லை. இதுவரை அமைதியில் இருந்த பிள்ளைக்குச் சத்தம் புதிது. கொஞ்ச நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போய், விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருக்கும்படி பழக்க வேண்டும். விருந்தாளி வரும்போது கழற்றி, போன பிறகு மாட்டுகிற வீடுகள் எங்களிடையே உண்டு. பெண் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. "மெஷின் போட்ட பிள்ளையை நாளைக்கு யார் கட்டுவா" என்கிறார்கள். அந்தப் பயத்தை அதட்டி விரட்ட முடியாது. ஒரு முறை அல்ல, பலமுறை பேசித்தான் தீர்க்க வேண்டும்.

மெஷின் கண்ணாடி மாதிரி இல்லை. கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிந்துவிடும். மெஷின் போட்டதும் பேச்சு புரிந்துவிடாது. கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்ட ஒலிக்குப் பொருள் சேர்க்க வேண்டும். பிள்ளை காது திறந்த நாளிலிருந்து அதற்குக் 'கேட்கும் வயது' ஒன்று தனியாக ஓடுகிறது. நான்கு வயதில் மெஷின் போட்ட பிள்ளை ஐந்தாம் வயதில் ஒரு வயதுப் பிள்ளையைப் போலப் பேசினால் அது தோல்வி இல்லை, வளர்ச்சி. இதைச் சொல்லாததால் ஆறே மாதத்தில் நம்பிக்கை இழந்து மெஷினைக் கழற்றி வைத்த வீடுகள் எங்களில் இருக்கின்றன.

தினமும் காலையில் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பின்னால் நின்று, வாய் தெரியாமல், ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பேச்சில் வரும் கனத்த ஒலியிலிருந்து கூர்மையான ஒலிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். நேற்றுவரை 'ஸ்' ஒலிக்குக் கை தூக்கிய பிள்ளை இன்று தூக்கவில்லை என்றால் பேட்டரியையோ, காதுக்குள் வைக்கும் அச்சான மோல்டையோ, காதையோ உடனே பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையை எங்களில் ஒருத்திக்கு மெஷின் வாங்கி மூன்றாம் ஆண்டில், இன்னொரு பிள்ளையின் தாய் பேருந்தில் வரும்போது சொல்லிக்கொடுத்தாள்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று நம் மொழியில் யார் என்பதும் எப்போது என்பதும் சொல்லின் கடைசியில் இருக்கின்றன. பேசும்போது அந்தக் கடைசிதான் தேய்ந்து ஒலிக்கும். கேள்வி குறைந்த பிள்ளைக்கு முதலில் நழுவுவதும் அதுதான். அதனால் மெதுவாக, கடைசியை விழுங்காமல், பக்கத்தில் இருந்து பேச வேண்டும். கத்த வேண்டியதில்லை, கத்தினால் ஒலி சிதையும். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா பள்ளி, சின்னப் பிள்ளைகளோடு தாயையும் வகுப்பில் உட்கார வைத்து இதைப் பழக்குகிறது. தாய் கற்காமல் பிள்ளை கற்காது என்பதை அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே நடத்திக் காட்டுகிறார்கள். திண்டுக்கல்லுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதுவரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் வாரம் ஒரு நாள் தாய்மார் வகுப்பாவது தொடங்குங்கள்.

மூன்றாம் கோரிக்கை: மெஷின் ஓட வேண்டும்

பிள்ளை வளர வளரக் காதும் வளரும். காதுக்குள் வைக்கும் மோல்டு சில மாதங்களில் தளர்ந்துவிடும். அப்போது மெஷின் கீச்சென்று கத்தும். கத்துகிற மெஷினைக் கழற்றி வைப்பதுதான் வீட்டார் இயல்பாகச் செய்வது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். கெட்டதோ மோல்டு மட்டும். மூன்று வயதுவரை சில மாதத்துக்கு ஒரு முறை புது மோல்டு, திண்டுக்கல்லிலேயே அளவெடுத்து, இலவசமாக வேண்டும். பேட்டரி அங்கன்வாடியில் சத்துமாவோடு கிடைக்க வேண்டும். பொத்தான் பேட்டரியைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகலாம் என்ற எச்சரிக்கையைப் பேட்டரியோடு சேர்த்தே சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வை மெஷினுக்குள் இறங்கும்; இரவில் போட்டு வைக்க ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று ஒவ்வொரு மெஷினோடும் வர வேண்டும்.

நான்காம் கோரிக்கை: காக்ளியர் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

சாதாரண மெஷினால் பயன் கிடைக்காத பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி. ஒலியைப் பெரிதாக்குவது இதன் வேலை இல்லை. ஒலியை மின்துடிப்பாக மாற்றி, உட்காதில் நத்தைச் சுருள் போலிருக்கும் பகுதியில் வைத்த மின்முனைகள் வழியாகக் கேள்வி நரம்புக்கு நேரே கொடுக்கிறது. காது மந்தமான தகப்பனைப் பார்த்து வளர்ந்த ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க், பல மின்முனைகள் கொண்ட தம் கருவியை 1978இல் மெல்போர்னில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார். நம் மாநிலத்தில் சென்னை மருத்துவர் மோகன் காமேசுவரன் போன்றோர் அதைப் பரவலாக்கினார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் வீட்டாரிடம் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. கேள்வி நரம்பே வளராத பிள்ளைக்குப் பயன் இல்லை. பொருத்தி, காயம் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் 'சுவிட்ச் ஆன்' செய்வார்கள். அன்று பிள்ளை மிரண்டு அழலாம். அதன் பிறகு கருவியின் அளவைப் பிள்ளைக்கு ஏற்பச் சரிசெய்யும் மேப்பிங் பலமுறை, ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. வெளியே காதில் மாட்டும் பகுதி சில ஆண்டுகளில் பழையதாகும். வயர் அறுந்தால், தலையில் ஒட்டிக்கொள்ளும் 'காயில்' தொலைந்தால் செலவு உண்டு. அந்தச் செலவு எங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடுகிறது. வயர் வாங்கக் காசில்லாமல் பிள்ளை மாதக்கணக்கில் அமைதிக்குத் திரும்பினால் அரசு செலவழித்த லட்சங்களும் அன்றோடு நின்றுபோகின்றன. கேரளம் 'சுருதிதரங்கம்' என்று பெயரிட்டு, அறுவைச் சிகிச்சையோடு பழுது பார்ப்பதையும் அரசின் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. இங்கேயும் பள்ளிப் படிப்பு முடியும்வரை பழுது, உதிரிப் பாகம், வெளிக்கருவி மாற்றம் மூன்றுக்கும் எழுத்தில் உறுதி வேண்டும். எங்கே, யாரிடம், எந்தத் தாளோடு போவது என்ற விவரம் அறுவைச் சிகிச்சை நாளிலேயே கையில் வேண்டும்.

பயிற்சிக்கு மதுரைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. ஷிப்டை விட்டால் கூலி போகும். நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மதுரைக்குப் போகிற பேருந்தில் எடுத்தாக வேண்டும். திண்டுக்கல்லில் வாரம் மூன்று நாளாவது பேச்சுப் பயிற்சியாளர் நிலையாக இருக்க வேண்டும். மதுரைக்கே போக வேண்டிய நாட்களில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணம் இலவசமாக வேண்டும். கூலி இழக்கும் தாய்க்கு ஈட்டுத்தொகையும் வேண்டும்.

ஐந்தாம் கோரிக்கை: வகுப்பறையில் ஒரு மைக்

மெஷின் போட்ட பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 65 டெசிபலாக இருக்கும் ஆசிரியர் குரல், நான்கு மீட்டரில் 53 ஆகிவிடும். மேலே மின்விசிறி, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, மொட்டைச் சுவரில் எதிரொலி. மெஷின் இதில் எதையும் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் பெரிதாக்கித் தரும். கேள்வி குறைந்த பிள்ளைக்கு ஆசிரியர் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. ஆசிரியர் கழுத்தில் சின்ன மைக் ஒன்றை மாட்டிக்கொண்டால், அவர் குரல் கம்பியில்லாமல் நேரே பிள்ளையின் மெஷினுக்குப் போகும். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதினாலும் பிள்ளையின் காதருகே நின்று பேசுவது போலவே கேட்கும். எங்கள் வட்டாரப் பெற்றோர்களில் பெரும்பாலோர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. மெஷினோ காக்ளியரோ போட்ட ஒவ்வொரு பிள்ளையின் வகுப்புக்கும் இந்த மைக் வேண்டும். பிள்ளை வகுப்பு மாறினால் மைக்கும் கூடப் போக வேண்டும். அதை மாட்டவும் அணைக்கவும் ஆசிரியர்களுக்கு வட்டார வள மையத்தில் அரை நாள் பயிற்சி போதும். கூடவே சன்னலுக்குத் திரைச்சீலை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர்.

சட்டம் இலவசக் கல்வியை ஆறு வயதிலிருந்து பேசுகிறது. காதுக்கு அது மிகத் தாமதம். அங்கன்வாடி அக்காமார்களுக்கும் இதே பயிற்சி வேண்டும்.

ஆறாம் கோரிக்கை: சைகை மொழி

கருவி எல்லாருக்கும் உதவாது. உதவுகிற பிள்ளைக்கும் குளிக்கும்போது, பேட்டரி தீரும்போது, இரவில் அது இல்லை. தாமதமாகக் கண்டறியப்பட்ட பெரிய பிள்ளைகளுக்குச் சைகையே முதல் மொழி. கருவியா சைகையா என்று எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். இந்தியச் சைகை மொழியை வீட்டாருக்குக் கற்றுத்தரும் வகுப்பு அகரத்திலேயே வேண்டும். காது கேளாத பெரியவர்களே ஆசிரியர்களாக வேண்டும். அவர்களைப் பார்த்தால்தான் எங்கள் பிள்ளை பெரியவனாகி எப்படி இருப்பான் என்பது எங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும்.

நாங்கள் செய்வது

தெருவில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்க் காது சோதனை நடந்ததா என்று கேட்போம். காதில் எண்ணெய் ஊற்ற விடமாட்டோம். பீரோவில் கிடக்கும் மெஷின்களை எடுத்து வருவோம்; அவற்றைச் சரிபார்த்து, திரும்ப அளந்து கொடுக்க ஆள் அனுப்புங்கள். புதிதாகக் குறை தெரிந்த வீட்டுக்கு எங்களில் ஒருவர் மெஷின் போட்ட தம் பிள்ளையோடு போய் உட்காருவார். கொட்டுக்குத் திரும்பியதை நம்பிய அந்தப் பாட்டி முதல் ஆளாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் பேரனுக்கு இப்போது கேட்கும் வயது மூன்று. 'பாட்டி' என்று சொல்ல அவனுக்கு எட்டு மாதம் ஆனது.

இந்தச் சாசனத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்டி, கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்லி, அதன் பிறகே கையெழுத்தும் கைரேகையும் வாங்கியிருக்கிறோம். உங்கள் பதிலும் எங்களுக்கு எழுத்தில் வேண்டும்: எந்தக் கோரிக்கை எந்தத் தேதிக்குள், எந்த அலுவலர் பொறுப்பில் என்று. தமிழில், பெரிய எழுத்தில், அகரம் பேரூராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தடுப்பூசி போடுகிற நாளில் செவிலியர் அதை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கட்டும்.